நாலு கம்பி, நாற்பது டிகிரி

வைகாசி மதுரைக்கு முகூர்த்த மாதம். கத்திரி வெயில் முடிந்தும் முடியாமலும் கிடப்பது அந்த மாதத்தில்தான். மண்டபங்களில் எடுத்த கல்யாண வீடியோக்கள் ஸ்டூடியோக் கணினிகளுக்கு வந்து சேரும் நாட்களில் வெளியே 39, 40 டிகிரி செல்சியஸ் கொளுத்துகிறது. காட்சிகளை வெட்டி, வண்ணம் திருத்தி, கடைசியில் 'ரெண்டர்' கொடுத்துவிட்டால் கணினியின் செயலி மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். ஆண்டின் கனமான வேலையும் ஆண்டின் சூடான காற்றும் அந்தச் சின்ன அறையில் ஒன்றாகச் சேர்கின்றன.

வைகாசி போனால் வெயிலும் போய்விடும் என்று இங்கே யாரும் நம்புவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக மதுரைச் சமவெளிக்கு வருகிறது. அதனால்தான் கேரளம் நனைந்துகொண்டிருக்கும் ஆடி மாதத்தில்கூட, தமிழ்நாட்டில் அன்றைக்கு அதிக வெப்பம் பதிவான இடம் என்று மதுரை விமான நிலையத்தின் பெயர் அடிக்கடி வருகிறது.

இந்த ஊரில் ஒரு கணினியின் கேபினெட்டுக்குள் ஐந்தாறு விசிறிகளை மாட்டுகிறார்கள் என்றால் அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை எப்படி மாட்டுகிறார்கள், எதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், எந்தக் கம்பியை எதனோடு சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சட்டத்துக்குள் சுழலும் அந்தப் பொருளுக்குப் பின்னால் பெரிய பௌதிகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பார்க்கப் பார்க்க வியப்பூட்டும் பௌதிகம்.

முதலில் விசிறியால் ஆகாத காரியத்தைச் சொல்லிவிடலாம். விசிறி எதையும் அறையின் காற்றைவிடக் குளிராக்காது. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் கொட்டுவது மட்டுமே அதன் வேலை. இன்றைய மேசைக் கணினிச் செயலிகள் பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரி வரை தாங்கும். அதைத் தொட்டால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 20 டிகிரி அறையில் இருக்கும் கணினிக்கு அந்த எல்லைவரை 80 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. 38 டிகிரி அறையில் அது 62-தான். வெளியேறும் சூடு இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஆகவே அதே செயலி, அதே ஹீட் சிங்க், அதே விசிறி இங்கே வந்தவுடன் சூட்டை வெளியேற்றும் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. போதாக்குறைக்குச் சூடான காற்று லேசானது. 20 டிகிரியில் இருக்கும் அடர்த்தியில் சுமார் 6 சதவீதம் 38 டிகிரியில் குறைந்துவிடும். ஒவ்வொரு லிட்டர் காற்றும் அந்த அளவுக்குக் குறைவான சூட்டைத்தான் சுமக்கும்.

சரி, எவ்வளவு காற்று வேண்டும்? செயலியும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் வெப்பத்தை உமிழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ரெண்டர் ஓடும் இயந்திரத்துக்கு இது சாதாரணம். உள்ளே நுழையும் காற்று வெளியேறும்போது 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று அந்தப் பெட்டியைக் கடந்து போக வேண்டும். நடுத்தரமான கேபினெட் ஒன்றின் கொள்ளளவு 45 லிட்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் காற்று மொத்தமும் இரண்டு நொடிக்கு ஒருமுறை புதிதாக மாற வேண்டும் என்று இதற்குப் பொருள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, மேசைக்கடியில் சத்தமில்லாமல் நிற்கும் பெட்டியை நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

"சூடான காற்று தானாக மேலே போய்விடும்" என்று பலரும் சொல்வார்கள். போகும், உண்மைதான். உயரம் இருந்தால் நன்றாகவே போகும். 1636-ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் உயர்ந்த கூரையும், காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் திறந்த முற்றமும் அந்த இயற்கையை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு முழத்தைத் தாண்டினால் அதிகம் என்கிற உயரமுள்ள கேபினெட்டில், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் எழும் அழுத்தம் பாஸ்கலில் ஆறில் ஒரு பங்குதான். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று 15 பாஸ்கல் அளவில் தள்ளும். நூறு மடங்குக்குக் கிட்டத்தட்ட. எனவே பெட்டிக்குள் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை விசிறிதான் தீர்மானிக்கிறது. சூடு மேலே எழும் இயல்புக்கு அங்கே ஓட்டுரிமை கிடையாது.

1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை விற்றபோது அதன் மின்வழங்கிக்குள் ஒரே ஒரு விசிறி இருந்தது. மொத்த மின்வழங்கியே 63.5 வாட். அது போதுமானதாகவும் இருந்தது. அதன் பிறகு செயலிகள் தின்னும் மின்சாரம் ஏற ஏற, செயலியின் தலையில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, முன்பக்கம் இரண்டு மூன்று என்று விசிறிகள் பெருகின. ஒரே விசிறியை வேகமாக ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விதி வருகிறது.

ஒரு விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அது தள்ளும் காற்று இரட்டிப்பாகும். அதற்கு வேண்டிய மின்சக்தியோ எட்டு மடங்காகும். காற்று வேகத்தோடு நேராகவும், அழுத்தம் வேகத்தின் இருபடியாகவும், சக்தி வேகத்தின் முப்படியாகவும் ஏறும். இதைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். ஒரு விசிறி முழு வேகத்தில் தரும் காற்றை இரண்டு விசிறிகள் பாதி வேகத்தில் தந்துவிடும். ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி, இரண்டும் சேர்ந்து கால் பங்கு. சத்தத்தில் லாபம் இன்னும் பெரிது. வேகம் பாதியானால் விசிறியின் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கும். இரண்டு விசிறிகள் என்பதால் 3 டெசிபல் திரும்ப ஏறும். நிகரமாக 12 டெசிபல் மிச்சம். பக்கத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவைத் திருத்துகிறவருக்கு அந்த 12 டெசிபலின் அருமை தெரியும். ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு விசிறிக்கும் காற்று வந்துபோக நல்ல வழி இருக்க வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியை வைத்து மூடி, ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்ட கேபினெட்டுகளில் எத்தனை விசிறி வைத்தாலும் அந்த இடுக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அழகுக்காக அப்படி வாங்கியவர்களுக்கு மதுரை வெயில் கருணை காட்டாது. வலைக்கம்பி முகம் கொண்ட கேபினெட்டே இந்த ஊருக்கு ஏற்றது.

ஆக, மெதுவாக ஓடும் பல விசிறிகள் வேண்டும் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. இனி அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

ஒரு விசிறியின் நடுக்குமிழைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தேய்வதற்கு என்று கார்பன் பிரஷ் எதுவும் இருக்காது. இறக்கையோடு சேர்ந்து சுற்றுவது வளையமான ஒரு நிலைக்காந்தம். அதன் நடுவே அசையாமல் நிற்பவை செம்புக் கம்பிச் சுருள்கள். சுருளில் மின்னோட்டத்தின் திசையைச் சரியான நேரத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் காந்தம் தொடர்ந்து சுற்றும். அந்தச் 'சரியான நேரம்' எப்போது என்று சொல்ல உள்ளே ஒரு சின்ன உணரி இருக்கிறது. 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி அதைக் காந்தத்துக்கு அருகே வைத்தபோது, தகட்டின் குறுக்கே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். அந்த ஹால் விளைவுதான் இன்று ஒவ்வொரு கணினி விசிறிக்குள்ளும் உட்கார்ந்து, 'இப்போது வடதுருவம் கடந்தது, இப்போது தென்துருவம்' என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. திசைமாற்றும் வேலையை பிரஷ்ஷிடமிருந்து பறித்து டிரான்சிஸ்டரிடம் கொடுக்கும் மோட்டாரை டி.ஜி. வில்சன், பி.எச். டிரிக்கி என்ற இருவர் 1962-ல் விவரித்தார்கள்.

நம் வீட்டுக் கூரைக்கும் இதே மோட்டார் இப்போது வந்துவிட்டது. கடைகளில் 'பி.எல்.டி.சி. ஃபேன்' என்று விற்பது கணினி விசிறியின் பெரியண்ணன். பழைய மின்விசிறி 75 வாட் தின்னும் இடத்தில் இது 30 வாட்டுக்கு அருகில் நின்றுவிடுகிறது.

கணினி விசிறியிலிருந்து வெளியே வரும் கம்பிகள் நான்கு. ஒன்று எர்த் என்று கடைக்காரர்கள் சொல்லும் கிரவுண்டு, இரண்டாவது 12 வோல்ட். இவை இரண்டும் சோறு. மூன்றாவது கம்பி விசிறி பேசும் வாய். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்ற கணக்கில் தன் வேகத்தை மதர்போர்டுக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஏன் இரண்டு? வளையக் காந்தத்தில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என நான்கு துருவங்கள் இருக்கின்றன. ஒரு முழுச் சுற்றில் ஹால் உணரி அந்த ஜோடியை இருமுறை பார்க்கிறது; அந்தக் கணக்கே அப்படியே வெளியே வருகிறது. பயாஸ் திரையில் '1200 ஆர்.பி.எம்.' என்று எழுதியிருந்தால், நொடிக்கு 40 துடிப்புகளை எண்ணித்தான் அதை எழுதியிருக்கிறது.

நான்காவது கம்பி விசிறியின் காது. எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்ற கட்டளை அதில் வருகிறது. இதற்கான விதிமுறையை இன்டெல் எழுதி வெளியிட்டது; 2005-ல் வந்த அதன் 1.3 பதிப்பே இன்றைக்கும் எல்லோரும் பின்பற்றுவது. பழைய மின்விசிறி ரெகுலேட்டர் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். மின்தடையைச் சேர்த்து, விசிறிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்து, மிச்சத்தைச் சூடாக வீணாக்கும் பெட்டி அது. கட்டளைக் கம்பி இல்லாத பழைய மூன்று கம்பி விசிறிகளை மதர்போர்டு அடக்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். 12 வோல்ட்டை 7 அல்லது 5 என்று இறக்கும். ரொம்ப இறக்கினால் விசிறி கிளம்பாமல் நின்றுவிடும். நான்கு கம்பி முறையில் 12 வோல்ட் எப்போதும் முழுதாக இருக்கும். கட்டளைக் கம்பியில் மட்டும் நொடிக்கு 25,000 முறை 'உண்டு, இல்லை, உண்டு, இல்லை' என்ற சைகை ஓடும். அதில் 'உண்டு' எத்தனை சதவீத நேரம் என்பதே கட்டளை. மனிதக் காது 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது என்பதால் அந்தத் துடிப்பின் கீச்சொலி நம்மைத் தொடுவதில்லை.

இந்த விதிமுறையில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வரி உண்டு. கட்டளைக் கம்பி அறுந்துபோனாலோ, இணைக்கப்படாமல் இருந்தாலோ விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும். சொல்வதற்கு ஆள் இல்லாவிட்டால் நின்றுவிடாதே, உன்னால் முடிந்த மட்டும் ஓடு என்று அதை எழுதியவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். சூடு ஏறிச் சாவதைவிட சத்தம் மேல் என்ற அந்த முடிவில் பொறியாளரின் அக்கறை தெரிகிறது.

இப்போது பல விசிறிகளைச் சேர்ப்போம். மதர்போர்டில் விசிறியை மாட்ட இருக்கும் ஃபேன் ஹெடர்கள் மூன்றோ நான்கோதான்; விசிறிகளோ ஆறு. ஒரு ஹெடரில் இரண்டு மூன்று விசிறிகளை மாட்ட ஸ்பிளிட்டர் என்ற கிளைக்கம்பி கிடைக்கிறது. அதை வாங்கிக் கையில் வைத்து உற்றுப் பார்த்தால் ஒரு வினோதம் கண்ணில் படும். ஒரு கிளையில் நான்கு பின் இருக்கும். மற்ற கிளைகளில் மூன்றாவது பின் இருக்காது. பின் உடைந்த பீஸ் என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் உண்டு. அது வேண்டுமென்றே விட்ட குறை.

காரணம் இதுதான். மின்சாரத்தைப் பங்கிடலாம், எல்லா விசிறிகளையும் பக்கவாட்டில், அதாவது இணையாக, இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் அதே 12 வோல்ட் கிடைக்கும், மின்னோட்டம் மட்டும் கூடும். கட்டளையையும் பொதுவில் வைக்கலாம். '60 சதவீதம்' என்ற சைகையை ஆறு விசிறிகளும் ஒரே கம்பியிலிருந்து கேட்டுக்கொள்ளலாம், அதில் பாய்வது சில மில்லிஆம்பியர்தான். ஆனால் பதிலை மட்டும் ஒரே ஒரு விசிறியிடமிருந்துதான் கேட்க முடியும். இரண்டு விசிறிகளின் பேச்சுக் கம்பிகளை ஒன்றாக முடிந்துவிட்டால், ஒன்றின் துடிப்பு மற்றதன் துடிப்பின் மேல் விழும். இரண்டும் ஒரே கணத்தில் துடிப்பதில்லை. 1200-இல் ஓடும் இரண்டு விசிறிகளைப் பார்த்து மதர்போர்டு 2400 என்று சொல்லலாம், 700 என்று சொல்லலாம், பூஜ்யம் என்றும் சொல்லலாம். அதனால்தான் ஸ்பிளிட்டர் ஒரு கிளைக்கு மட்டும் வாய் வைத்து மற்றவற்றின் வாயைக் கட்டிவிடுகிறது.

இதற்கு நாம் கொடுக்கும் விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு விசிறிகளில் பேசும் விசிறி நன்றாக ஓடி, பேசாத ஐந்தில் ஒன்று நின்றுபோனால் மதர்போர்டுக்கு அது தெரியவே தெரியாது. திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே செயலியின் தலைமேல் இருக்கும் விசிறிக்கு என்று தனி ஹெடரை ஒதுக்கிவிடுவதுதான் முறை. 'சி.பி.யு. ஃபேன்' என்று போர்டிலேயே எழுதியிருக்கும். அதில் பதில் வராவிட்டால் பல கணினிகள் தொடக்கத்திலேயே நின்று, விசிறி பழுது என்று எச்சரித்து எஃப்-1 பொத்தானை அழுத்தச் சொல்லும். அந்த எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறது என்று பயாஸுக்குள் போய் அணைத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரெண்டர் நடுவில் நின்ற விசிறியைக் கண்டுபிடித்துச் சொல்ல அந்த ஒரு வாய்தான் இருக்கிறது.

மின்சாரத்தைப் பங்கிடலாம் என்றேன். எவ்வளவு என்று சொல்லவில்லை. மதர்போர்டின் ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், அதாவது 12 வாட். தண்ணீர் பம்புக்கு என்று சில போர்டுகளில் 2 அல்லது 3 ஆம்பியர் ஹெடர் தனியாக இருக்கும். விசிறியின் நடுவில் ஒட்டிய ஸ்டிக்கரில் அது இழுக்கும் மின்னோட்டம் அச்சிட்டிருக்கும். 0.15 ஆம்பியர் என்றால் ஆறு சேர்ந்து 0.9, காகிதத்தில் பொருந்துகிறது. 0.3 என்றால் 1.8, பொருந்தாது. காகிதத்தில் பொருந்துவதையும் நான் முழுதாக நம்ப மாட்டேன். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். சுற்றத் தொடங்கிய பிறகுதான் காந்தம் சுருளுக்குள் எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கி அந்த இழுப்பைக் கட்டுப்படுத்தும். ஸ்விட்சைப் போட்டவுடன் ஆறும் ஒன்றாகக் கிளம்பினால் அந்தச் சுமை மொத்தமும் மதர்போர்டின் ஒரு மெல்லிய செம்புத் தடத்தின் மீது, கண் இமைக்கும் நேரத்துக்கு விழும். அதைத் தாங்காமல் ஹெடர் செத்தால், ஒரு சின்னக் கிளைக்கம்பிக்காக மதர்போர்டையே மாற்ற வேண்டிவரும். ஒரு ஹெடருக்கு இரண்டு விசிறி, மிஞ்சினால் மூன்று என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

அதற்கு மேல் வேண்டுமானால் ஹப் இருக்கிறது. இது கட்டளையை மதர்போர்டிடம் கேட்டுக்கொள்ளும். சோற்றை நேரே எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியிடமிருந்து, பெரும்பாலும் சாட்டா இணைப்பி வழியாக, வாங்கிக்கொள்ளும். சாட்டா மின் இணைப்பியில் 15 தொடுமுனைகள். அவற்றில் 12 வோல்ட்டுக்கு என்று மூன்று, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். ஆக 4.5 ஆம்பியர், 54 வாட். 0.15 ஆம்பியர் விசிறிகள் ஆறு அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நன்றாகத் தயாரித்த ஹப், ஆறு விசிறிக்கு இடம் கொடுத்து, அதில் ஒரு துளைக்கு மட்டும் வேறு நிறமோ '1' என்ற எண்ணோ போட்டிருக்கும். பதில் போகும் வழி அதுதான். அந்தத் துளையைக் காலியாக விட்டு மற்றவற்றில் மாட்டினால், ஐந்து விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்க, திரை பூஜ்யம் காட்டும். ஹப்பே கெட்டுப்போனது என்று அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

மூன்று கம்பி விசிறிகள் பழைய பெட்டியிலிருந்து எடுத்தவை இருந்தால் அவற்றை நான்கு பின் ஹெடரிலும் மாட்டலாம். பிளாஸ்டிக் காடி அதற்கு இடம் கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் காது இல்லாத விசிறிக்குக் கட்டளை கேட்காது. பயாஸில் அந்த ஹெடரை டி.சி. முறைக்கு, அதாவது மின்னழுத்தத்தை இறக்கும் முறைக்கு, மாற்றினால்தான் வேகம் குறையும். ஹப்பில் மாட்டினால் பெரும்பாலும் முழு வேகம்தான். முன்பெல்லாம் மோலெக்ஸ் இணைப்பியின் மஞ்சள் 12 வோல்ட்டுக்கும் சிவப்பு 5 வோல்ட்டுக்கும் நடுவே விசிறியை மாட்டி 7 வோல்ட்டில் ஓட்டுகிற தந்திரம் ஒன்று இருந்தது. விசிறிக்குள் ஏதாவது ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேரே 5 வோல்ட் வழியில் பாய்ந்து, ஹார்டு டிஸ்க் வரை போய்விடும். அதை மறந்துவிடலாம். விளக்கு எரியும் விசிறிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது: விளக்குக்கு என்று வரும் தனிக் கம்பியில் 5 வோல்ட் வகையும் உண்டு, 12 வோல்ட் வகையும் உண்டு. முன்னதை மூன்று பின்னிலும் பின்னதை நான்கு பின்னிலும் மாட்டுவார்கள். மாற்றிச் சொருகினால் விளக்குகள் போய்விடும்.

ஒரே கட்டளையைக் கேட்டாலும் எல்லா விசிறிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று 1200, பக்கத்தில் இருப்பது 1170 என்று வைத்துக்கொள்வோம். ஏழு இறக்கை என்றால் ஒன்றின் ஒலி நொடிக்கு 140 அதிர்வு, மற்றதன் ஒலி 136.5. இரண்டும் காற்றில் கலந்து, நொடிக்கு மூன்றரை முறை ஏறி இறங்கும் ஒரு முனகலை உண்டாக்கும். வீணையின் இரண்டு தந்திகள் சற்றே சுருதி விலகினால் கேட்கும் அதே விம்மல்தான். பேரிங் போய்விட்டது என்று நினைத்து விசிறியை மாற்றுகிறவர்கள், முதலில் வேகத்தை இரண்டு சதவீதம் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் வேகக் கட்டளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலி 40 டிகிரியில் இருந்தால் இவ்வளவு, 50-ஐத் தொட்டால் இவ்வளவு என்று பயாஸில் ஒரு கோடு வரைந்து வைத்திருப்பார்கள். அது 20, 25 டிகிரி அறைகளை மனதில் வைத்து வரைந்த கோடு. மே மாத மதுரையில் கணினி சும்மா இருக்கும்போதே செயலி 50-க்கு அருகில் நிற்கும். ஒரு கோப்பைத் திறந்தால் 58, மூடினால் 51. விசிறிகள் ஒவ்வொரு நிமிடமும் சீறுவதும் அடங்குவதுமாக இருக்கும். கோட்டின் தொடக்கத்தைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி வலப்புறம் நகர்த்தி, அதுவரை சுமார் 50 சதவீதத்தில் நிதானமாக ஓடவிட்டால் இந்தப் பதற்றம் தீரும். கேபினெட் விசிறிகளைச் செயலியின் வெப்பத்தோடு கட்டாமல் மதர்போர்டின் வெப்பத்தோடு கட்டுவது இன்னும் நல்லது. பெட்டிக்குள் இருக்கும் காற்று நொடியில் சூடாவதில்லை. அதைப் பார்த்து ஓடும் விசிறியும் அலைபாயாது.

பிறகு அந்த மேசை. மதுரையில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்கவே 'கம்ப்யூட்டர் டேபிள்' என்று விற்கும் மேசையில் கணினியை வைக்க மூன்று பக்கமும் பலகை அடித்த ஓர் அறை இருக்கும். சிலவற்றில் முன்னால் கதவும் உண்டு. பின்பக்க விசிறி வெளியே தள்ளிய சூடான காற்று பலகையில் மோதித் திரும்பி, பக்கவாட்டு இடுக்கு வழியாக முன்பக்க விசிறிக்கே வந்து சேரும். 38 டிகிரி அறைக்குள் 45 டிகிரி அறை ஒன்றை நாமே கட்டிக்கொள்கிறோம். ஆறு விசிறிக்குச் செலவழிப்பதற்கு முன் அந்தப் பின்பலகையைக் கழற்றிவிடுங்கள். செலவில்லாத காரியம், பலனில் இரண்டு விசிறிக்குச் சமம்.

ஆடிக்காற்று வீசும்போது புழுதி வருகிறது. நகரைச் சுற்றிச் செம்மண்ணும் கரிசலும். தூசியைச் சமாளிக்க ஒரு நல்ல வழி, உள்ளே இழுக்கும் விசிறிகளை வெளியே தள்ளுபவற்றைவிடச் சற்று அதிகமாக வைப்பது. அப்போது பெட்டிக்குள் அழுத்தம் வெளியைவிட இம்மியளவு கூடுதலாக இருக்கும். வடிகட்டி வலை உள்ள வாசல் வழியாக மட்டுமே காற்று நுழையும், மற்ற இடுக்குகள் எல்லாவற்றிலும் வெளியே கசியும். தலைகீழாக வைத்தால் யு.எஸ்.பி. துளை முதல் திருகு ஓட்டை வரை எல்லாமே தூசியை உறிஞ்சும் வாய்களாகிவிடும். சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். மாட்டுமுன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

வலையிலும் ஹீட் சிங்கிலும் படிந்ததை அவ்வப்போது ப்ளோயர் வைத்து ஊத வேண்டியிருக்கும். ஊதும்போது விசிறி சர்ரென்று சுற்றுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காந்தம் சுருளைக் கடந்து சுற்றினால் மின்சாரம் பிறக்கும். ஓடும் மோட்டாரில் இழுப்பைக் கட்டுப்படுத்தும் அதே எதிர் மின்னழுத்தம், ப்ளோயர் சுற்றும்போது விசிறியைக் குட்டி ஜெனரேட்டராக்கி, 12 வோல்ட் வழியில் திரும்பி மதர்போர்டை நோக்கிப் போகப் பார்க்கும். அதைத் தடுக்கும் டையோடு சில விசிறிகளில் உள்ளே இருக்கும்; இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதோடு, 1500 சுற்றுக்குச் செய்த பேரிங்கை ப்ளோயர் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழற்றிவிடும். எனவே மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ஊதி முடித்து மறுபடி ஓடவிடும்போது, ஆறு விசிறிகளும் சுற்றுகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பாருங்கள். அவற்றில் ஐந்துக்கு வாய் கிடையாது.